பனியைப் பொன்னாக்கிய சிற்றூர்
செயின்ட் மோரிட்ஸ் நகரின் வரலாறு

ஒரு நாள் நிலநூல் பாடத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடரைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். ஆண்டில் பல மாதங்கள் அங்கே நிலம் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும் என்றேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்தான். "ஐயா, பனி மூடினால் பயிர் விளையாதே! அந்த மக்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" என்று கேட்டான்.

மணி அடித்துவிட்டபடியால் அன்று சுருக்கமாகவே விடை கூறினேன். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி. இன்று உலகச் செல்வர்கள் கூடிக் களிக்கும் செயின்ட் மோரிட்ஸ் என்னும் நகரின் வரலாற்றை அறிந்தால் அதற்கு முழு விடை கிடைக்கும்.

இருப்பிடமும் இயற்கையும்

சுவிட்ஸர்லாந்தின் தென்கிழக்கில் கிராபுண்டன் என்னும் மாநிலம் இருக்கிறது. அங்கே இன் ஆறு தோன்றிப் பாயும் எங்கடீன் பள்ளத்தாக்கில், ஒரு சிறிய ஏரியின் கரையில் அமைந்துள்ளது செயின்ட் மோரிட்ஸ். கடல் மட்டத்திற்கு மேல் 1,800 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். நம் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவே 1,400 மீட்டருக்கு மேற்பட்டதுதான். உயரத்தில் பெரும் வேறுபாடு இல்லாதிருக்க, அங்கு மட்டும் ஏரி உறைவானேன்?

காரணம் நில நேர்க்கோடு. கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகையளவில் இருக்கிறது. செயின்ட் மோரிட்ஸோ 46 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கதிரவன் தாழ்ந்தே செல்வான், பகலும் குறுகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்னும் விதியும் இதனோடு சேரவே, ஏரி கல்லைப் போல் உறைந்துவிடுகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. சுற்றிலும் உயர்ந்து நிற்கும் மலைகள் மேகங்களைத் தடுத்து, அவற்றின் ஈரத்தை வெளிச்சரிவுகளிலேயே கொட்டச் செய்கின்றன. ஆகவே உட்பள்ளத்தாக்கில் காற்று உலர்ந்து, வானம் தெளிந்திருக்கும். தரையில் பனி, தலைக்கு மேல் வெயில். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்ததுதான் இவ்வூர் பெற்ற பேறு. ஆனால் அதன் மதிப்பை உணர மக்களுக்கு மிகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஊற்றுநீர் தந்த புகழ்

இவ்வூர் முதலில் பெயர் பெற்றது பனியினால் அன்று; இரும்புச் சத்து மிக்க ஓர் ஊற்றினால். அவ்வூற்றைச் சுற்றி லார்ச் மரங்களால் அமைத்த பழைய தொட்டியும், அதில் இடப்பட்ட வெண்கல வாள்களும் கிடைத்துள்ளன. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்த அறிஞர்கள், அது கி.மு. 1411-ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கண்டனர். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அந்நீரைப் போற்றினர் என்பது இதனால் விளங்கும். 1535-இல் பாரசெல்சஸ் என்னும் புகழ்பெற்ற மருத்துவரும் அதன் குணத்தைப் பாராட்டினார்.

எனினும் நீராட வருவோர் கோடையில்தான் வந்தனர். கோடையோ குறுகியது. புல்லும் சிறிது தானியமும் தவிர வேறொன்றும் விளையாத அம்மண், பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும் சோறிடவில்லை. ஆகையால் எங்கடீன் இளைஞர் பலர் ஊரைவிட்டுப் போய், ஐரோப்பிய நகரங்களில் மிட்டாயும் பணியாரமும் செய்து விற்றுப் பிழைத்தனர். வெனிஸ் நகரில் அவர்கள் பெருந்தொகையினராக இருந்தனர். 1766-இல் அவ்வரசு அவர்களுடைய உரிமைகளைப் பறித்துவிடவே, வேறு நாடுகளை நோக்கிச் சிதறினர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் வழிவந்த நமக்கு அவர்கள் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விடுதிக்காரரின் பந்தயம்

யோஹான்னஸ் பத்ருட் என்பவர் 1856-ஆம் ஆண்டில் செயின்ட் மோரிட்ஸில் ஒரு தங்கும் விடுதியை நடத்தத் தொடங்கினார். குல்ம் ஓட்டல் என இன்றும் விளங்குவது அதுவே. கோடையில் அறைகள் நிறைந்தன. குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்தன.

1864-ஆம் ஆண்டு கோடை முடிவில், ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தினர் நால்வரிடம் அவர் ஒரு பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், வெயில் நன்றாகக் காயும். நான் சொன்னது பொய்யானால் உங்கள் வழிச்செலவை நானே தருகிறேன்" என்றாராம். அவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் வந்து, ஈஸ்டர் வரை தங்கி, வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினார்களாம். இது செவிவழிச் செய்தி. ஆயினும் அதன்பின் குளிர்கால விருந்தினர் பெருகினர் என்பது வரலாறு.

பத்ருட் புதுமை விரும்பி. 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் மின்விளக்கைக் கண்டு வந்து, தம் விடுதியின் உணவுக்கூடத்தில் ஏற்றினார். சுவிட்ஸர்லாந்தில் எரிந்த முதல் மின்விளக்கு அதுவே என்பர். பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட குளிர்காலத்தையே விலைபொருளாக்கியது அவர் செய்த பெருஞ் செயல்.

விளையாட்டுகளின் பிறப்பு

வந்தவர்கள் பொழுது போக்க வேண்டுமே! உறைந்த ஏரியில் சறுக்கினர். பனிக்கட்டியின் மேல் கல்லை உருட்டி ஆடினர். 1884-85 குளிர்காலத்தில், சறுக்குவண்டியில் தலைகீழாகப் பாய்ந்து செல்வதற்கென்று கிரெஸ்டா என்னும் பனிப்பாதையை அமைத்தனர். நீளம் 1,212 மீட்டர். மேலிருந்து கீழ்வரை இறக்கம் 157 மீட்டர். பலர் சேர்ந்து அமர்ந்து செல்லும் பாப்ஸ்லெட் என்னும் வண்டி விளையாட்டுக்கு 1897-இல் இங்கே கழகம் தோன்றியது. 1907 முதல் உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயமும் நடைபெறலாயிற்று.

இப்போது முதன்மையாகக் கருதப்படும் ஸ்கீ எனும் பலகைச் சறுக்கு இவற்றுக்குப் பிந்தியே செல்வாக்குப் பெற்றது என்பது பலருக்கும் வியப்பளிக்கும். நார்வே நாட்டிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்கு வந்த அக்கலைக்கு ஒரு தடை இருந்தது. ஒரு முறை சறுக்கி இறங்குவதற்குப் பல மணி நேரம் நடந்து ஏற வேண்டும். கயிற்றால் இழுக்கும் மலை இரயில் 1928-இல் கொர்விலியா சரிவுவரை எட்டியதும் அத்தடை நீங்கியது. அரை நாள் ஏறிய உயரத்தைச் சில நிமிடங்களில் அடையலாம். ஒரே நாளில் பன்முறை இறங்கலாம். வீரர் சிலரின் விளையாட்டாக இருந்தது பொதுமக்களின் பொழுதுபோக்காயிற்று.

இதற்கு முன்பே, 1904-இல், அல்புலா கணவாய்ப் பகுதியைக் குடைந்து வந்த இரயில் பாதை இவ்வூரை உலகத்தோடு இணைத்துவிட்டது. அப்பாதையை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

1928-இல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் இங்கே நடந்தன. அப்போது வெதுவெதுப்பான மலைக்காற்று திடீரென வீசிப் பனிக்கட்டியை உருக்கவே, 10,000 மீட்டர் சறுக்கோட்டம் கைவிடப்பட்டது. இயற்கையை விலைபேசலாம், அடிமைப்படுத்த இயலாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கும், 1948-இல், இவ்வூரிலேயே நடந்தது. போரில் சேராத நாடாகையால் சுவிட்ஸர்லாந்தில் விடுதிகளும் திடல்களும் சேதமின்றி இருந்ததே காரணம்.

கொடுத்த விலை

இதுவரை கூறியவை வெற்றி. இனிக் கூறுவது அதற்குக் கொடுத்த விலை.

இவ்வூர் மக்களின் தாய்மொழி ரோமான்ஷ். இலத்தீனிலிருந்து கிளைத்த பழமையான மொழி. அம்மொழியில் இவ்வூரின் பெயர் சான் முரேட்சன். ஒரு காலத்தில் ஊர் முழுவதும் பேசிய அம்மொழியை 1880-இல் தாய்மொழியாகக் கொண்டவர் ஏறத்தாழப் பாதிப்பேர். 1941-இல் ஐந்தில் ஒரு பங்கினர். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ நூற்றுக்கு ஐவர் அளவே. யாரும் அதைத் தடைசெய்யவில்லை. மாறாக, 1938-இல் நாட்டு மக்கள் பெருவாரியாக வாக்களித்து அதைத் தேசிய மொழிகளுள் ஒன்றாக்கினர். ஆனால் விருந்தினரிடம் பேச ஜெர்மன் வேண்டியிருந்தது. வேலைக்கு வந்தோர் இத்தாலியம் பேசினர். கடையிலும் விடுதியிலும் பயன்படாத மொழி, மெல்ல மெல்ல வீட்டிலும் ஒலி குன்றியது.

மொழிக்கு நேர்ந்ததே வீட்டுக்கும் நேர்ந்தது. சுமார் 5,000 பேர் வாழும் இந்நகரில் உள்ள குடியிருப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை, ஆண்டில் சில வாரமே வந்து தங்கும் செல்வர்களுடையவை. வீட்டு விலை உயர உயர, விடுதிகளில் பணிபுரிவோர் பலர் தொலைவிலிருந்து, இத்தாலிய எல்லைக்கு அப்பாலிருந்துங்கூட, நாள்தோறும் வந்து போகின்றனர். இந்நிலை ஆல்ப்ஸ் ஊர்கள் பலவற்றில் பரவவே, இத்தகைய இரண்டாம் வீடுகள் ஓர் ஊரில் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என்னும் கட்டுப்பாட்டை 2012-இல் சுவிஸ் மக்கள் சிறிய பெரும்பான்மையில் ஏற்றனர்.

பனியும் நிலையாக இல்லை. அருகேயுள்ள மொர்ட்டராட்ச் பனியாறு 1878 முதல் 2.5 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. இப்போது சரிவுகளில் இயந்திரத்தால் பனி செய்து தூவுகின்றனர்.

சிறுவனுக்கு விடை

பனியில் எப்படிப் பிழைப்பது என்று கேட்ட என் மாணவனுக்கு இப்போது விடை கூறலாம். "தம்பி, எல்லாரும் குறை என்று கண்டதில் ஒருவர் பயனைக் கண்டார். அதனால் ஊரைவிட்டு ஓடிய மக்களைத் தேடி உலகமே வந்தது" என்பது விடையின் முற்பாதி.

பிற்பாதியையும் சொல்லியே ஆக வேண்டும். ஊர் வளம் பெற்றது. ஆனால் அவ்வூரின் மூதாட்டி பேசிய மொழியைப் பேரப்பிள்ளை அறியாது போனான். அண்டையிலுள்ள சமேடன் போன்ற ஊர்களில் இன்று ரோமான்ஷும் ஜெர்மனும் இணைந்த இருமொழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. பிழைப்புக்கு ஒரு மொழி வேண்டும். அதற்காகத் தாய்மொழியைக் கைவிட வேண்டியதில்லை என்று அப்பெற்றோர் உணர்ந்திருக்கின்றனர். முப்பது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லி வரும் எனக்கு, அந்நகரின் மாளிகைகளைவிட அச்சிறு பள்ளிகளே காணத் தக்கவையாகத் தோன்றுகின்றன. அடுத்த நிலநூல் பாடத்தில் அவற்றைப் பற்றியும் கூறுவேன்.