உங்களுக்குத் தெரியுமா? - ராணுவமும் தகுதியும்

★ 1949 மே மாதம் லாஸ் வேகாஸ் அருகே அமெரிக்க விமானப்படை தன் முதல் சுடுதிறன் போட்டியை நடத்தியது. பறந்தபடியே 12,000 அடி உயரத்திலும் 20,000 அடி உயரத்திலும் இலக்கைச் சுட வேண்டும், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட வேண்டும், ராக்கெட் வீச வேண்டும். புரொப்பெல்லர் விமானங்களுக்கான பிரிவில் முதல் பரிசை வென்றது 332வது போர் விமானக் குழு. அதன் விமானிகள் அனைவரும் கறுப்பினத்தவர். டஸ்கீகி விமானிகள் என்று வரலாறு அழைப்பது இவர்களைத்தான். விமானப்படைச் சங்கத்தின் ஆண்டு மலரிலோ, 1949ஆம் ஆண்டுக்கு எதிரே வென்றவர் பெயர் ‘தெரியவில்லை’ என்றே பல ஆண்டுகள் அச்சாகி வந்தது. 1995இல்தான் திருத்தினார்கள். அந்த விமானிகள் வாங்கிய வெள்ளிக் கோப்பை, 2004இல் ஒஹையோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகக் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் அரசு பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தச் சொன்னதும், புதிதாகச் சேரும் வீரர்களின் பயிற்சியில் காட்டப்பட்டு வந்த டஸ்கீகி விமானிகள் பற்றிய வீடியோவை விமானப்படை எடுத்துவிட்டது. கண்டனம் எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பச் சேர்த்தது. 1949இல் வென்ற அணியில் இருந்த ஹாரி ஸ்டூவர்ட், அடுத்த மாதத் தொடக்கத்தில் தம் 100வது வயதில் காலமானார். போட்டியிட்டு வென்றவரின் வரலாற்றைச் ‘சலுகை’ என்ற கணக்கில் சேர்த்தது பெரும் தவறு.

★ இரண்டாம் உலகப்போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின அமெரிக்கர்கள் ராணுவச் சேவையில் இருந்தார்கள். நாட்டின் மிக உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் அவர்களில் ஒருவருக்குக்கூட அப்போது தரப்படவில்லை. 1997 ஜனவரியில் ஏழு பேருக்கு வழங்கினார்கள். அதை நேரில் வந்து வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான்.

★ படைகளில் இனப் பாகுபாடு கூடாது என்ற 9981ஆம் எண் ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட நாள் 1948 ஜூலை 26. தரைப்படையில் அது முழுமையாக நடைமுறைக்கு வர கொரியப் போர் வர வேண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறை வந்தபோது தோலின் நிறம் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

★ தகுதியைத் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. வியட்நாம் போருக்கு ஆள் தேவைப்பட்ட 1966இல், பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா ‘ஒரு லட்சம் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அறிவுத்திறன் தேர்வில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டு வந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வது. ஏழைகளுக்கு முன்னேற வழி காட்டுவதாகச் சொன்னார்கள். 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 40 சதவீதம். மற்ற வீரர்களைவிட அதிக விகிதத்தில் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் போர்க்களத்தில் மடிந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று காட்டிக் கட்டாயச் சேவையைத் தள்ளிப்போட முடிந்த காலம் அது. ஏழையின் பெயரைச் சொல்லி ஏழையையே பலி கொடுத்த திட்டம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

★ அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பள்ளியில் முதல் கட்டத்திலேயே பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். 49 தண்டால், 59 முறை படுத்து எழுந்து உட்காருதல், 40 நிமிடத்தில் 5 மைல் ஓட்டம், கம்பியில் தொங்கி 6 முறை உடலைத் தூக்குதல். இது 2015இல் இருந்த முதல் நாள் கணக்கு மட்டும். பிறகு முதுகுச் சுமையோடு 12 மைல் தூரத்தை 3 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். 2015 ஏப்ரலில் 381 ஆண்களோடு 19 பெண்களும் முதன்முறையாக உள்ளே போனார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுதான். கிறிஸ்டன் கிரீஸ்ட், ஷே ஹேவர் இருவரும் முதல் கட்டத்தில் இரண்டு முறை தோற்றார்கள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கச் சம்மதமா என்று கேட்டபோது சம்மதித்தார்கள். ஆகஸ்ட் 21 அன்று 94 ஆண்களோடு தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தேறிய லிசா ஜாஸ்டருக்கு வயது 37, இரண்டு குழந்தைகளின் தாய்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் நடந்தது. அமெரிக்கக் காலாட்படையின் முதல் பெண் அதிகாரியானார் கிரீஸ்ட். புதிய உடற்தகுதித் தேர்வில் பெண்கள் பலர் தேறாததால் அவர்களுக்குத் தனி அளவு வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, 2021 பிப்ரவரியில் வெளிப்படையாக எதிர்த்துக் கட்டுரை எழுதினார். போர்ப் பிரிவில் பெண்ணுக்கென்று குறைந்த அளவு வைத்தால் படைக்கும் கேடு, கஷ்டப்பட்டு உள்ளே வந்த பெண்களின் மதிப்புக்கும் கேடு என்பது அவர் வாதம். எந்தச் சலுகையும் வாங்காமல் வந்தவர் சொன்ன சொல் என்பதால் அதற்கு எடை அதிகம்.

★ ஆனால் அந்த அளவுகோலையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அதே தேர்வில், தொங்கியபடி முழங்காலை முழங்கை வரை தூக்கும் பயிற்சியில்தான் பெண்கள் அதிகம் தோற்றார்கள். தேர்வில் உள்ள சில பயிற்சிகளுக்கும் போர்க்களப் பணிக்கும் தொடர்பு இருப்பதாக நிரூபணமாகவில்லை என்று ராண்ட் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. 2022இல் முழங்காலைத் தூக்கும் அந்தப் பயிற்சியை எடுத்துவிட்டு, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மதிப்பெண் வைத்தார்கள். 2025 ஜூனில் வந்த மாற்றுத் தேர்விலோ, நேரடிப் போர்ப் பிரிவுகளுக்கு மறுபடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு என்றார்கள்.

★ அமெரிக்க விமானப்படையில் விமானியாக விரும்பியவர் 2020 வரை குறைந்தது 5 அடி 4 அங்குல உயரம் இருக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. விமானி அறைகளின் வடிவமைப்புக்கு ஆதாரமாக இருந்ததோ 1967இல் ஆண் விமானிகளை மட்டும் அளந்து எடுத்த கணக்கு. இருக்கையை ஆணுக்கு அளந்து செய்துவிட்டு, எட்டாதவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

★ பிறப்பை வைத்துத் தகுதியை அளந்த அநியாயத்தை நம் தாத்தாமார்களும் பார்த்தவர்கள்தான். ‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்ட பிரிட்டிஷ் ஜெனரல் ராபர்ட்ஸ், மதராஸ் வீரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று தீர்மானித்தார். மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டு, 1920களின் கடைசியில் நிரந்தரக் காலாட்படையில் அந்தப் பெயரே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் அதே ஊர்களுக்கு ஆள் சேர்க்க வந்தார்கள்.

★ கடைசியாக ஒன்று. இந்திய ராணுவத்தின் சட்டப் பிரிவில் 9 இடங்களுக்கு ஆள் எடுத்தபோது ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று பிரித்துவைத்தார்கள். தேர்வான சில ஆண்களைவிட அதிக மதிப்பெண் பெற்ற பெண்கள் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிப்பைச் செல்லாது என்றது. ஆண், பெண் இருவருக்கும் சேர்த்து ஒரே தகுதிப் பட்டியல் வெளியிட வேண்டும், மதிப்பெண் யாருக்கு அதிகமோ அவர்களையே எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கே ஒதுக்கீட்டின் பலன் கிடைத்தது ஆண்களுக்கு. தகுதியை மட்டும் பாருங்கள் என்று கேட்டவர்கள் பெண்கள்.

அந்தப் பிரிவுக்குத் தேர்வாகிறவர்களுக்குப் பயிற்சி நடப்பது நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். உங்கள் வீட்டில் சட்டம் படிக்கும் பெண் இருந்தால் இந்தத் தீர்ப்பை அவளிடம் சொல்லுங்கள், விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.