வெங்காயம் ஜலதோஷ மருந்து, காசித்தும்பையின் சொந்தம் பதற்றத்துக்கு மருந்து... தெரியுமா?

வெங்காயம் உரித்தால் கண்ணும் மூக்கும் ஒழுகுகிறதல்லவா? அதே வெங்காயம்தான் ஹோமியோபதியில் மூக்கொழுகும் ஜலதோஷத்துக்கு மருந்து! பெயர் ஆலியம் சீபா. ஆளைக் கொல்லும் எட்டிக்கொட்டைகூட அங்கே நக்ஸ் வாமிகா என்ற மருந்து! நல்ல உடம்பில் எது ஒரு தொல்லையை உண்டாக்குமோ, அதுவே அந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்பதுதான் இந்த வைத்தியத்தின் ஆணிவேர்.

ஆரம்பம் 1790இல். ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் ஒரு மருத்துவ நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சின்கோனா பட்டை மலேரியாவைத் தீர்ப்பதற்கு அதில் சொன்ன காரணத்தை அவர் மனம் ஏற்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? காய்ச்சலே இல்லாதபோது தானே பட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தார்! விரல்நுனி சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது, தாகம் எடுத்தது. அப்படியே மலேரியாவின் அறிகுறிகள்!

அடுத்த ஆச்சரியம் ஹோமியோபதி மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் ‘30’. ஒரு சொட்டு மருந்துச் சாறு, 99 சொட்டு ஆல்கஹால், நன்றாகக் குலுக்கு. அதில் ஒரு சொட்டு எடுத்து மறுபடி 99. இப்படியே 30 தடவை! கணக்குப் போட்டால் மருந்து நீர்த்திருப்பது 1க்குப் பின்னால் 60 பூஜ்ஜியம் போட்ட மடங்கு. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்கிறது வேதியியல். நீர்க்க நீர்க்க வீரியம் ஏறும் என்கிறது ஹோமியோபதி! ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் ஆய்வுகளையெல்லாம் அலசி, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்றது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்!

பூ மருந்து தெரியுமா? லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் கிருமி ஆராய்ச்சி செய்த எட்வர்ட் பாக், 1930இல் நகரத்தையே உதறிவிட்டுப் பூக்களைத் தேடிப் போனார். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுநீர், மேலே பூக்கள் மிதக்க, மூன்று மணி நேரம் வெயில். பிறகு சம அளவு பிராந்தி. அவ்வளவுதான் மருந்து! நோயின் பெயர் வேண்டாம், மனநிலையைச் சொன்னால் போதும். பொறுமை இல்லாமல் பதறுகிறவருக்கு இம்பேஷன்ஸ். இமயமலையிலிருந்து இங்கிலாந்து போய் ஆற்றோரங்களில் மண்டிய செடி, நம் காசித்தும்பைக்குச் சொந்தம்! மொத்தம் 38 மருந்து, அதில் ஒன்று பூவே இல்லை, வெறும் பாறை ஊற்றுநீர். முறையான சோதனைகளில் இவையும் மருந்தே கலக்காத வெற்று மருந்தை மிஞ்சவில்லை.

இதைக் கேளுங்கள்! ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்த கல்கத்தா டாக்டர் மகேந்திரலால் சர்க்கார், 1867இல் அதற்கே மாறினார். அவர் 1876இல் தொடங்கிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான், திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார்!