மாணவர்கள் கேட்டு வாங்கிய மாதம்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்கள் பலவும் களைகட்டும். ஓர் அரங்கில் சொற்பொழிவு, இன்னொன்றில் ஜாஸ் கச்சேரி, நூலகத்தில் புகைப்படக் கண்காட்சி. கறுப்பின வரலாற்று மாதக் கொண்டாட்டம் இது. அரசாங்கம் பார்த்துக் கொடுத்த விழா என்று பலர் நினைக்கலாம். ஆனால், இது மாணவர்கள் கேட்டு வாங்கியது.

விதை போட்டவர் கார்ட்டர் உட்சன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மாலையில் ஆலிவர் ஜோன்ஸ் என்ற சக தொழிலாளியின் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். ஜோன்ஸ் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், படிக்கத் தெரியாதவர். அங்கே உட்சன் செய்தித்தாளை உரக்க வாசிப்பார். கேட்டவர்கள் தங்கள் போர்க்கள அனுபவங்களைச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் ஏறாத சரித்திரம் அந்த வீட்டில்தான் அவர் காதில் விழுந்தது. இருபது வயதில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவர், 1912-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். லிங்கன், ஃபிரெடரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாள்களும் வரும் பிப்ரவரி வாரத்தை, 1926-ல் 'நீக்ரோ வரலாற்று வாரம்' ஆக்கினார்.

வாரத்தை மாதமாக்கியது ஒஹாயோவின் கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1968 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் காவல்துறை அங்கே ஆளெடுக்க வந்தது. கறுப்பர்கள் மீதான அடக்குமுறைக்குப் பேர்போன காவல்துறை அது. கறுப்பின மாணவர் அமைப்பு மறியலில் இறங்கியது. நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை என்று மிரட்டியதும், நூற்றுக்கணக்கான கறுப்பின மாணவர்கள் வளாகத்தை விட்டே வெளியேறினார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது.

அந்தத் தெம்போடுதான் 1969 பிப்ரவரியில், அதே மாணவர்களும் கறுப்பின ஆசிரியர்களும் 'ஒரு வாரம் போதாது' என்று புதிய கோரிக்கையை வைத்தார்கள். 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை முதல் விழா நடந்தது. வெள்ளை மாளிகை இதை அங்கீகரித்தது 1976-ல், அதிபர் ஃபோர்டு காலத்தில்தான்.

இன்றும் கெண்டில் ஆஸ்கர் ரிச்சி பெயரில் ஒரு கட்டடம் நிற்கிறது. 1947-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த கறுப்பினப் பேராசிரியர் அவர். ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றை ஆண்டு முழுவதும் கற்பிக்க அந்தக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. அதன் சுவர்களில் மாணவர்களே வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன.

2025-ல் ஒஹாயோ கொண்டுவந்த சட்டம், பொதுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவத்துக்கும் சமத்துவத்துக்குமான அலுவலகங்களுக்குத் தடை விதித்தது. வருத்தம் தரும் முடிவு. ஆனால், இந்த விழாவைப் பெற்றெடுத்தது எந்த அலுவலகமும் அல்ல. தங்கள் வரலாறு பாடமாக வேண்டும் என்ற மாணவர்களின் பிடிவாதம்தான். அலுவலகத்தைப் பூட்டலாம், அந்தப் பிடிவாதத்துக்குப் பூட்டுப் போட எந்தச் சட்டத்தாலும் முடியாது.