கன்னத்தில் அடக்கிய புகையிலையும் இதயமும்

நெஞ்சுவலியோடு வருபவரிடம், "புகைபிடிக்கும் வழக்கம் உண்டா?" என்று கேட்கிறோம். "இல்லை" என்று விடை வருகிறது. அது பொய்யன்று, அவர் பீடியையோ சிகரெட்டையோ தொடாதவர்தாம். "வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா?" என்று மறுபடி கேட்டால், உடன் வந்த மனைவியோ மகனோ முந்திக்கொண்டு தலையசைப்பதுண்டு.

நாகூர்ப் பகுதியில் இது வியப்புக்குரியதன்று. கடலுக்குச் செல்வோரும், நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து நிற்கும் பெண்களும், பசியும் அலுப்பும் தெரியாதிருக்கப் புகையிலையை அடக்கிக்கொள்கின்றனர். பல்வலிக்கு மருந்தென்று தொடங்கியவர்களும் உளர். அப்புகையிலை நம் மாவட்டத்து வேதாரண்யத்திலேயே விளைகிறது.

புகை இல்லையே, நுரையீரலுக்குத்தானே கேடு என்பது பலரின் எண்ணம். நிகோடின் வாயின் மெல்லிய தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். உடன் தடவும் சுண்ணாம்பு அதனை இன்னும் விரைவாக உட்புகச் செய்கிறது. சிகரெட் சில நிமிடங்களில் அணைந்துவிடும். கன்னத்தில் அடக்கியதோ நெடுநேரம் ஊறிக்கொண்டே இருக்கும். அவ்வளவு நேரமும் நாடித்துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அழுத்த மாத்திரை ஒரு பக்கம், புகையிலை மறுபக்கம் என்று இழுபறி நடக்கிறது.

52 நாடுகளில் நடத்தப்பெற்று 2006இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வில், புகையிலையைத் தொடாதவர்களோடு ஒப்பிட, மென்றவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு இருமடங்குக்கும் மேலாக இருந்தது. மெல்வதோடு புகைக்கவும் செய்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி கெஞ்சுகிறார் என்று தலையணைக்கடியில் பொட்டலம் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் ஸ்டென்ட் பொருத்திய இதயத்திற்கு அதனினும் கேடு வேறில்லை. நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றும். சில வாரங்களில் தணியும். அந்நாள்களில் சோம்போ ஏலக்காயோ கையில் கொடுங்கள். வெறும் பாக்கு மெல்லலாமா என்று சிலர் கேட்கின்றனர். பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவதால் அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

நிகோடின் மாற்று மருந்துகள் உண்டு. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே அவற்றைத் தொடங்க வேண்டும். 1800 11 2356 என்னும் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, நாங்கள் கேட்க மறந்தாலும், புகையிலை போடும் வழக்கத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.