பத்திரிகை வேஷத்தில் வந்த ஏபிகே... கேபிள் போட்டுப் பிடித்த கதை!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தை பிறந்தால் கல்யாண சீசன்தானே... பெரியப்பாவின் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழாக வந்து குவிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இந்தப் பத்திரிகை திறக்கவே மாட்டேங்குது. என்னன்னு பாரு" என்று போனை நீட்டினார். ஃபைல் பெயரின் கடைசியைப் பார்த்ததும் பகீரென்றது. பிடிஎஃப் இல்லை, படமும் இல்லை. 'ஏபிகே' என்று முடிந்திருந்தது. அதாவது, அது அழைப்பிதழே அல்ல, ஆண்ட்ராய்டு ஆப்!

"என்னென்ன அமுக்குனீங்க பெரியப்பா?"

"அது கேட்டதுக்கெல்லாம் ஓகே குடுத்தேன். எஸ்எம்எஸ் படிக்கலாமான்னு கேட்டுது... அதுக்கும்தான்."

அந்தக் கணக்கில்தான் அவருடைய பென்ஷன் வருகிறது.

முதல் ஐந்து நிமிடம்

ஏரோபிளேன் மோடு போட்டேன். வைஃபையையும் அணைத்தேன். என் போனிலிருந்து வங்கியின் உதவி எண்ணுக்கு அழைத்து, பெரியப்பாவையே பேசவைத்துக் கணக்கை முடக்கினோம். இந்த மாதிரி ஆப்கள் குறிவைப்பது ஓடிபி எஸ்எம்எஸ்களைத்தான். நெட்டும் சிக்னலும் இல்லையென்றால், திருடியதை அதனால் வெளியே அனுப்ப முடியாது.

அடுத்து, ஆப்பைத் தேடினேன். ஸ்கிரீனில் ஐகானே இல்லை! இன்ஸ்டால் ஆனதும் ஐகானை மறைத்துக்கொள்வது இவற்றின் வழக்கம். செட்டிங்ஸ் பட்டியலிலும் 'சிஸ்டம் அப்டேட்' போன்ற பெயரில் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் லேப்டாப்பை எடுத்தேன்.

லேப்டாப் எதற்கு?

ஒரு ஆப் தன் பெயரையும் ஐகானையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை ஆண்ட்ராய்டு குறித்து வைத்திருக்கும். கேபிள் போட்டு கம்ப்யூட்டரில் இணைத்தால், அந்தக் குறிப்பை மொத்தமாகப் பார்க்கலாம். போன் ஏரோபிளேன் மோடில் இருந்தாலும் இது வேலை செய்யும் என்பதுதான் பெரிய வசதி.

* கூகுளின் ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' இலவசமாகக் கிடைக்கும். டவுன்லோடு செய்து ஜிப்பைப் பிரித்தால் போதும். 'ஏடிபி' என்ற புரோகிராம் அதற்குள் இருக்கும்.

* போன் செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்பதை 7 முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'யுஎஸ்பி டீபக்கிங்'கை ஆன் செய்ய வேண்டும்.

* கேபிளை மாட்டியதும், இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். உங்கள் சொந்த லேப்டாப் என்றால் மட்டும் ஓகே கொடுங்கள். 'எப்போதும் அனுமதி' என்ற டிக் வேண்டாம்.

* பிரித்த ஃபோல்டரில் கமாண்டு விண்டோவைத் திறந்து, 'ஏடிபி டிவைசஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். போன் பட்டியலில் வந்தால் இணைப்பு ரெடி.

* அடுத்து 'ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு மைனஸ் 3, மீண்டும் இடம் விட்டு மைனஸ் ஐ சேர்க்க வேண்டும். 3 என்றால், போனோடு வந்தவை போக நாம் பிறகு போட்டவை மட்டும். ஐ என்றால், ஒவ்வொன்றையும் இன்ஸ்டால் செய்தது யார் என்ற விவரம்.

பிளே ஸ்டோரிலிருந்து வந்தவற்றின் பக்கத்தில் 'காம் டாட் ஆண்ட்ராய்டு டாட் வெண்டிங்' என்று இருக்கும். அப்படி இல்லாத வரிகளை மட்டும் பார்த்தேன். மூன்று சிக்கின. ஒன்று, போன் கம்பெனியின் சொந்த ஸ்டோரிலிருந்து வந்தது. இன்னொன்று, பேரன் எங்கிருந்தோ இறக்கிய கேம். மூன்றாவது, அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவை. அதுதான் 'மாப்பிள்ளை'!

'ஏடிபி அன்இன்ஸ்டால்' என்று அடித்து அந்தப் பெயரைச் சேர்த்தேன். 'ஃபெயில்யூர்' என்று வந்தது. செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' அனுமதியையும் அது வாங்கி வைத்திருந்தது. அதை நீக்கிவிட்டு மறுபடி அடித்ததும் 'சக்சஸ்'. அப்படியும் போகாவிட்டால், படங்களையும் தொடர்பு எண்களையும் காப்பி எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் வழி.

கதவைத் திறந்தே வைக்காதீர்கள்

வேலை முடிந்ததும் யுஎஸ்பி டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். நாம் ஆப்பை நீக்கிய அதே வழியில் இன்னொருவர் ஆப்பை ஏற்றவும் முடியும். போனில் பேசும் யாரோ ஒருவர் சொல்லி இதை ஆன் செய்யவே கூடாது.

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப் எல்லாமே மோசம் இல்லை. எஃப்-டிராய்டு போன்ற தளங்களில் நல்ல ஓப்பன் சோர்ஸ் ஆப்கள் இருக்கின்றன. ஆனால், நாமாகத் தேடிப்போய் எடுப்பது வேறு. வாட்ஸ்அப்பில் தானாக வந்து விழுவது வேறு.

பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரியப்பா போனில் அணைந்திருந்தது. கேம் இன்ஸ்டால் ஆக மறுத்ததால், பேரன் அணைத்துவிட்டானாம்!

பணம் போயிருந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள். பெரியப்பாவுக்குப் பணம் போகவில்லை. ஆனால், நான் பார்ப்பதற்குள் அவர் பெயரிலேயே அந்தப் 'பத்திரிகை' முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருந்தது. அவருக்கு வந்ததும் அப்படித்தான். அனுப்பியது, அவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பரின் எண்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பெரியப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "என் நம்பர்லேருந்து கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். தொட்டுடாதீங்க. நம்ம வீட்ல இப்ப கல்யாணமே இல்ல!"