பட்டிக்குக் கீழே துரு

பம்பாய்ச் சேவ்ரியில் 1928 முதல் 1954 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பூட்டி அனுப்பிய ஷெவர்லே வண்டிகளும், சுதந்திரத்திற்குப் பிற்பாடு ஓடிய வில்லிஸ் ஜீப் இனத்துப் பிக்கப்புகளும், தாத்தா கையிலிருந்து பேரன் கைக்கு வந்து, பெங்களூரில் சிலர் வீட்டு ஷெட்டுகளில் இன்றும் நிற்கின்றன. கடலோரத்துச் சென்னை வண்டிகளைப் போல அவை உப்புக்காற்றில் அரிபடவில்லையாயினும், சக்கரம் வாரியடித்த சேறு மட்கார்டின் உட்புற மடிப்பில் தங்கி, செப்டம்பர், அக்டோபர் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடியும் ஊறி, வெளியே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தகரம் காகிதமாய் மெலிந்துவிடுகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும் நாளில் நோய் முற்றிவிட்டதென்றே கொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என் மைத்துனர் தம்முடைய பழைய பிக்கப்பை நகரத்துப் பட்டறை ஒன்றில் மட்கார்டு வேலைக்கு விட்டார். மூன்று வாரத்தில் வண்டி கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டு வீடு திரும்பியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஹெட்லைட்டுக்குக் கீழே மயிரிழை போல ஒரு வெடிப்புத் தோன்றவே, கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றை மட்கார்டின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தோம். மேற்பகுதியில் கவ்விப் பிடித்த காந்தம், கீழே வந்ததும் பிடிப்பற்றுத் தரையில் விழுந்தது. உளியால் தட்டியபோது விரற்கடை கனத்துக்குப் பட்டி என்னும் பூச்சு பெயர்ந்தது. அதன் பின்னால் கம்பி வலையும், கசக்கித் திணித்த செய்தித்தாளும், அவற்றைச் சுற்றித் துருவும் இருந்தன. பட்டறையார் கொடுத்ததோ தொகையை மட்டும் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு. எந்த வேலைக்காகப் பணம் வாங்கினார் என்பதைச் சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை.

பிறகு சிவாஜி நகரில் ஒரு வயோதிக மேஸ்திரியிடம் போனோம். அவர் மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டி பூசினா இந்த மழைக்குத்தான் சார் தாங்கும், தகரம் வெட்டி வெச்சா உங்க பேரன் ஓட்டுவான்" என்றார். அவர் செய்த முறை இதுதான்: போல்ட்டுகளைக் கழற்றி மட்கார்டைத் தனியே இறக்கி, நல்ல இரும்பு தென்படும் வரையில் சுரண்டி, செத்த பகுதியை வெட்டி நீக்கி, அதே கனத்துச் சி.ஆர். இரும்புத் தகட்டை மரச் சுத்தியலால் வளைவுக்குத் தட்டி எடுத்து, சூட்டில் தகரம் நெளியாதபடி இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்துப் பற்றவைத்து, உட்புறத்துக்கும் ப்ரைமர் அடித்தார். பட்டி அவரும் பூசினார், பூசாமல் முடியாது. ஆனால் அது சுத்தியலின் தழும்பை நிரவுமளவுக்கு மெல்லிய பூச்சு. வெட்டியெடுத்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி, நாங்கள் கேளாமலே எங்களிடம் கொடுத்தார்.

இவ்வேலையில் வண்டிக்கு நேரும் நஷ்டத்தைவிட மனித தேகத்துக்கு நேரும் தீங்கு பெரிது. அக்காலத்து வர்ணங்களிலும், துருத்தடுப்புக்காக அடித்த செஞ்சாயத்திலும் ஈயம் கலந்திருப்பது சகஜம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கையில் அது தூளாகிச் சுவாசத்தோடு உள்ளே போகிறது, உடையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகளிடமும் போகிறது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் இந்த ஈய நஞ்சைப் பற்றித் தேசத்துக்கே எச்சரிக்கை செய்தவர். ஈயத்தின் அளவைத் தொண்ணூறு பி.பி.எம்முக்குள் கட்டுப்படுத்தும் 2016ஆம் வருஷத்து விதிகள் வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களுக்கே உரியவை. அவை ஐம்பது வருஷத்துக்கு முந்திய மட்கார்டைக் காக்க மாட்டா. ஆகவே நீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். முகமூடி இல்லையேல் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மணல் பீய்ச்சித் துரு நீக்குவது நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் வியாதிக்கு வழி. பட்டறையில் பதினான்கு வயது நிரம்பாத சிறுவன் உப்புத்தாள் பிடித்திருக்கக் கண்டால், அது சட்டப்படி குற்றம். 1098 என்ற சிறுவர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இனிச் சட்டத்தின் விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறதேயன்றி, துருப்பிடித்த பாகத்தை அதே வடிவில் செப்பனிடுவதைத் தடுக்கவில்லை. நிறத்தை மாற்றினால் மட்டும் ஆர்.சி. புத்தகத்திலும் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற தனி வரிசையைத் தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸையோ பாடியையோ என்ஜினையோ கணிசமாக மாற்றியிருக்கலாகாது என்பது நிபந்தனை. சரக்கு வாகனமாகப் பதிவான பிக்கப்புக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பதைப் பலர் செலவெல்லாம் செய்த பிறகே அறிகிறார்கள். இன்ஷூரன்ஸை நம்பியும் பயனில்லை. துருவை அது தேய்மானமென்று தள்ளிவிடும்.

பட்டறையாருக்கும் உரிமை உண்டு. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி, செய்த வேலைக்கு நியாயமான கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரமுண்டு. கூலி இவ்வளவென்று முன்கூட்டி எழுதாதவிடத்து இந்த அதிகாரம் உங்களுக்கு எதிராகவே திரும்பும். அதே சட்டத்தின் 151ஆம் பிரிவோ, தம்மிடம் விட்ட பொருளைத் தம்முடையதைப் போலவே சிரத்தையோடு காக்கும் கடமையை அவர்மீது சுமத்துகிறது.

தகரம் மாற்றுவதாகச் சொல்லிப் பட்டி பூசுவது 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. ரசீது தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக முறையென்றே அச்சட்டம் சொல்கிறது. பிக்கப்பை வைத்துத் தாமே உழைத்துப் பிழைப்பவரும் இதன்படி நுகர்வோர்தான். முதலில் பட்டறைக்கு எழுத்தில் நோட்டீஸ். பிறகு 1915 என்ற உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருஷம். என் மைத்துனரோ ஆணையத்தின் படியே ஏறவில்லை. துண்டுச் சீட்டைக் காட்டி எதை நிரூபிப்பது என்று மனம் விட்டுவிட்டார்.

ஆதலால் வண்டியைப் பட்டறையில் விடுமுன் மட்கார்டை உள்ளும் புறமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் மரியாதையாகக் கேட்டு, எஸ்டிமேட்டில் இந்த ஒரு வரியை எழுதி வாங்குங்கள்: "துருப்பிடித்த தகரம் வெட்டி நீக்கப்படும், வெட்டிய துண்டுகள் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்படும்."