அப்பா பார்க்காத வெற்றி, மகனுக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி? அர்ஜென்டினா வீடுகளின் 36 வருட கால்பந்துக் கதை

2022 டிசம்பர் 18. கத்தாரின் லுசைல் மைதானத்தில் கொன்சாலோ மோன்டியல் அடித்த பெனால்டி வலைக்குள் போனது. சுமார் 13 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புவெனஸ் ஐரிஸ் நகரம் அடுத்த நிமிடமே தெருவுக்கு வந்துவிட்டது. அன்று உலகம் முழுக்கப் பரவிய வீடியோக்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள் குதிக்கிறார்கள். பக்கத்தில் அப்பாக்கள் அழுகிறார்கள்.

ஜெயிச்ச நாளில் அப்பாக்கள் ஏன் அழணும்?

அதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. அர்ஜென்டினா அதற்கு முன்பு உலகக் கோப்பையை வென்றது 1986 ஜூன் 29 அன்று. இரண்டுக்கும் இடையில் 36 வருடங்கள். அதாவது, மரடோனா கோப்பையைத் தூக்கிய வருடம் பிறந்த குழந்தை, மெஸ்ஸி கோப்பையைத் தூக்கியபோது 36 வயது ஆள். பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு அப்பாவோ அம்மாவோ ஆகியிருப்பார்.

தாத்தா பார்த்தாச்சு. பேரன் பார்த்தாச்சு. நடுவில் இருந்தவர் அதுவரை தோல்வியை மட்டுமே பார்த்தவர். ஆனாலும் பிள்ளைக்கு நீலம் வெள்ளை ஜெர்ஸியை மாட்டிவிட்டு டிவி முன்னால் உட்கார வைத்தவர் அவர்தான்.

நடுத் தலைமுறை பார்த்தது என்ன?

1986-ல் பிறந்த ஒருவரின் கால்பந்து வாழ்க்கையை வரிசையாகப் பார்ப்போம்.

1990, நான்கு வயது: ரோமில் இறுதிப் போட்டி. மேற்கு ஜெர்மனியிடம் 0-1 தோல்வி.

1994, எட்டு வயது: ஊக்கமருந்துப் பரிசோதனையில் மரடோனா சிக்கி, தொடரிலிருந்து வெளியேற்றப்படுகிறார். அடுத்து ருமேனியாவிடம் தோற்று அணியும் வெளியேறுகிறது.

1998: காலிறுதியில் நெதர்லாந்திடம் தோல்வி. 2002: முதல் சுற்றோடு வெளியே. 2006, 2010: இரண்டு முறையும் காலிறுதி, இரண்டு முறையும் ஜெர்மனி.

2014, 28 வயது: கூடுதல் நேரத்தில் ஒரே கோல். மறுபடியும் ஜெர்மனி, மறுபடியும் 0-1. 2018: பிரான்ஸிடம் 3-4.

கோபா அமெரிக்காவிலும் இதே கதைதான். 1993-க்குப் பிறகு 2004, 2007, 2015, 2016 என நான்கு இறுதிப் போட்டிகளில் தோல்வி. 2016 இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட மெஸ்ஸி, தேசிய அணியிலிருந்தே விலகுவதாக அறிவித்தார். அப்போது, 'போகாதீங்க' என்று கெஞ்சி 15 வயதுப் பையன் ஒருவன் சமூக வலைதளத்தில் கடிதம் எழுதினான். அவன் பெயர் என்ஸோ ஃபெர்னாண்டஸ். மெஸ்ஸி முடிவை மாற்றிக்கொண்டார். ஆறு வருடம் கழித்து, 2022 உலகக் கோப்பையின் சிறந்த இளம் வீரர் விருது என்ஸோவுக்குக் கிடைத்தது.

கிளப் வேற, நாடு வேற

அர்ஜென்டினாவில் குழந்தை பிறந்ததுமே ஒரு செல்லச் சண்டை ஆரம்பிக்கும். அப்பா வீட்டில் போகா ஜூனியர்ஸ், அம்மா வீட்டில் ரிவர் பிளேட் என்றால், குழந்தை யார் பக்கம்? யார் முதலில் குட்டி ஜெர்ஸி வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதில் இரண்டு வீட்டுக்கும் போட்டியே நடக்கும்.

தேசிய அணி விஷயத்தில் இந்தத் தகராறு இல்லை. வாரம் முழுக்க எதிரெதிர் கட்சியில் இருக்கும் மாமனாரும் மருமகனும் ஒரே சோபாவில் உட்காரும் ஆட்டம் அது மட்டும்தான்.

யார் எங்கே உட்காருவது என்பதற்கும் விதி உண்டு. இதை அங்கே 'காபாலா' என்கிறார்கள். போன ஆட்டத்தில் ஜெயித்தபோது யார் எந்த நாற்காலியில் இருந்தாரோ, என்ன சட்டை போட்டிருந்தாரோ, அதையே அடுத்த ஆட்டத்துக்கும் தொடர வேண்டும். 2022-ல் சவுதி அரேபியாவுடனான முதல் ஆட்டம் அர்ஜென்டினாவில் காலை 7 மணிக்குத் தொடங்கியது. 1-2 என்று தோற்றதும், அன்று எழுந்து போனவர், புதுச் சட்டை போட்டவர் எல்லாரும் வீட்டில் குற்றவாளி ஆனார்கள். 'நீ எழுந்து போனதும்தான் விக்கெட் விழுந்துச்சு' என்று திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன?

பார்க்க மூடநம்பிக்கைதான். ஆனால் இதில் குழந்தைக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. ஆஃப்சைடு விதி புரியாத ஆறு வயசுப் பிள்ளைக்கும் ஒரு வேலை கிடைக்கிறது: 'நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.' ஆட்டத்தின் முடிவே தன் கையில் இருப்பதாக அந்தப் பிள்ளை நம்புகிறது.

670 ஸ்டிக்கர், ஒரு ஆல்பம்

உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன்பே வீடுகளில் இன்னொரு வேலை தொடங்கிவிடும். பனினி நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஆல்பம். 2022 ஆல்பத்தை முடிக்க 670 ஸ்டிக்கர் வேண்டும். ஒரு பாக்கெட்டில் 5. ஒன்றுகூட இரண்டாவது முறை வராவிட்டால் 134 பாக்கெட் போதும். ஆனால் அப்படி நடக்கவே நடக்காது. வந்ததே வரும். மெஸ்ஸி மட்டும் வரமாட்டார்.

அந்த வருடம் அர்ஜென்டினாவில் ஸ்டிக்கருக்குக் கடும் தட்டுப்பாடு. பெட்டிக்கடை வாசல்களில் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். சரக்கு வரவில்லை என்று கடைக்காரர்கள் போராட்டத்தில் இறங்க, செப்டம்பரில் அந்நாட்டின் வர்த்தகத் துறையே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. ஆண்டுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கிய வருடத்தில், வீட்டு பட்ஜெட்டில் ஸ்டிக்கருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு? ஆல்பத்தைத் தனியாக முடிக்க முடியாது. மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும். புவெனஸ் ஐரிஸின் ரிவதாவியா பூங்கா, ஸ்டிக்கர் மாற்றிக்கொள்பவர்கள் கூடும் இடம். அங்கே பிள்ளைகளோடு அப்பா, அம்மாவும் கையில் கட்டு வைத்துக்கொண்டு 'இது இருக்கு, இது இல்லை' என்று நிற்பதைப் பார்க்கலாம். ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆல்பம் மாதக்கணக்கில் பேச வைக்கும். எந்த நாடு எங்கே இருக்கிறது, யார் எந்த கிளப், அப்பா சின்ன வயதில் யாருடைய ஸ்டிக்கர் கிடைக்காமல் அழுதார் என்று எல்லாமே அந்த மாதங்களில் பேசித் தீர்க்கப்படும்.

எல்லாமே சந்தோஷமான கதை இல்லை

அர்ஜென்டினாவின் முதல் கோப்பை 1978-ல், சொந்த மண்ணில் வந்தது. அப்போது நாட்டை ஆண்டது ராணுவம். இறுதிப் போட்டி நடந்த மோனுமென்டல் மைதானத்துக்கு மிக அருகில் இருந்த கடற்படைப் பள்ளி, அப்போது ரகசியச் சித்திரவதை முகாம். கோல் விழுந்த சத்தம் கைதிகளின் காதிலும் விழுந்ததாக உயிர் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள்.

1986 காலிறுதியில் இங்கிலாந்தை வீழ்த்திய அந்த இரண்டு மரடோனா கோல்களைச் சொல்லும்போது, நான்கு வருடம் முன்பு நடந்த மால்வினாஸ் போரையும் அங்கே உயிரிழந்த இளம் சிப்பாய்களையும் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்து அந்தத் தீவுகளை ஃபாக்லாந்து என்கிறது. 'தாத்தா, ஏன் அந்த மேட்ச் மட்டும் ஸ்பெஷல்?' என்று பிள்ளை கேட்டால், பதில் கால்பந்தோடு நிற்காது. பாடப் புத்தகத்துக்கு முன்பே நாட்டின் வரலாறு பிள்ளையின் காதில் விழும் இடம் இதுதான்.

2022-ல் அர்ஜென்டினா ரசிகர்களின் கீதமாகவே மாறிய 'முச்சாச்சோஸ்' பாடலிலும் இது எல்லாம் இருக்கிறது. வரிகளை எழுதியவர் ஓர் ஆசிரியர். மால்வினாஸ் பையன்களையும், தோற்ற இறுதிப் போட்டிகளையும் அது நினைவுகூர்கிறது. 2020 நவம்பரில் இறந்த மரடோனா, வானத்திலிருந்து மெஸ்ஸிக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்கிறது. அவர் அங்கே தனியாக இல்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூடவே இருக்கிறார்கள்.

வீரர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான்

மெஸ்ஸி கோல் அடித்ததும் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்துவது எல்லாருக்கும் தெரியும். அது அவருடைய பாட்டி செலியாவுக்கு. ரொசாரியோவில் அவர் வீட்டுப் பக்கத்து கிரந்தோலி கிளப்புக்குச் சின்னப் பையனைக் கூட்டிப்போனவர் அவர்தான். ஒருநாள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைய, 'இவனை இறக்கிப் பாருங்க' என்று பயிற்சியாளரிடம் அடம்பிடித்தவரும் அவர்தான். பேரன் பெரிய ஆளானதைப் பார்க்க அவர் இல்லை. மெஸ்ஸி சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

இன்னொரு வீட்டைப் பாருங்கள். கார்லோஸ் மக் அலிஸ்டர், 1993-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தகுதிச் சுற்றில் மரடோனாவோடு சேர்ந்து ஆடியவர். அந்தச் சுற்றில் ஜெயித்துத்தான் அர்ஜென்டினா 1994 உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. ஆனால் உலகக் கோப்பை அணியில் கார்லோஸுக்கு இடமில்லை. 28 வருடம் கழித்து, லுசைல் இறுதிப் போட்டியில் டி மரியா அடித்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் கார்லோஸின் மகன் அலெக்ஸிஸ்.

நம்ம வீட்டுக்கு இதில் என்ன?

இந்தியா இதுவரை ஆண்கள் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. ஆனாலும் 1986-ல் தூர்தர்ஷனில் மரடோனாவைப் பார்த்தவர்கள் இங்கே ஒரு அர்ஜென்டினா தலைமுறையையே உருவாக்கினார்கள். 2022-ல் கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு வைத்த பிரம்மாண்ட கட்-அவுட்களை ஃபிஃபாவே பகிர்ந்தது. சொந்த நாடு ஆடாத போட்டியிலும் ஒரு ஜெர்ஸி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகத்தான் செய்கிறது.

ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆட்டம் புரிய ஆரம்பிப்பது சுமார் ஆறு வயதில். படிப்புக்காக வீட்டை விட்டுக் கிளம்புவது 18-ல். உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறை. அப்படியென்றால் ஒரே வீட்டில், ஒரே சோபாவில் சேர்ந்து பார்க்கக் கிடைப்பது மூன்று. அதிர்ஷ்டம் இருந்தால் நான்கு. கிளப் ஆட்டமோ ஐபிஎல்லோ என்றால் 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' எனலாம். இதில் அப்படித் தள்ளிப்போட முடியாது.

அடுத்த பாடம்

2014-ல் பிறந்த ஓர் அர்ஜென்டினாப் பிள்ளைக்கு ஏழு வயதில் கோபா அமெரிக்கா, எட்டு வயதில் உலகக் கோப்பை, பத்து வயதில் மறுபடியும் கோபா அமெரிக்கா கிடைத்துவிட்டது. அப்பா 36 வருடம் காத்திருந்தது, பிள்ளைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே வீட்டில் இருக்கிறது. அதனால் அந்த அப்பாவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. என்றாவது ஒருநாள் அணி தோற்கும். அன்று டிவியை அணைத்துவிட்டு, பிள்ளையின் பக்கத்தில் எப்படி உட்கார்வது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பாடத்தில் அவருக்கு நிறையவே அனுபவம்.

2026 உலகக் கோப்பை 48 அணிகள், 104 ஆட்டங்களுடன் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஜூன் 11 தொடக்க ஆட்டத்துக்குக் குறிக்கப்பட்ட இடம், மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானம். 1986-ல் மரடோனா கோப்பையைத் தூக்கியது அங்கேதான். இந்திய நேரப்படி பெரும்பாலான ஆட்டங்கள் நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் வரும். 'அப்பா, எழுப்பி விடுறீங்களா?' என்று பிள்ளை கேட்டால், மறுநாள் ஆபீஸ் இருக்கிறதே என்று யோசிக்கத் தோன்றும். அப்போது அந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தமே மூன்றோ நான்கோதான்.